நாற்பதில் நான் இல்லை

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். புள்ளியியல் துறையில் புதிதாகச் சேர்ந்த கள ஆய்வாளர்கள். கையில் ஆளுக்கு ஒரு டேப்லெட்.

"சார், சிறைவாசிகள் உடல்நலக் கணக்கெடுப்பு திரும்ப வருது. போன தடவை நீங்க உள்ள போயிருக்கீங்களாமே?" என்று கேட்டார்கள்.

காபியோடு வந்த என் மனைவி தமயந்தி, நடையிலேயே நின்று சிரித்த சிரிப்பில் ஒரு டம்ளர் காபி தரைக்குப் போனது. "போனதோட நிக்கலப்பா. இவர உள்ள வெச்சுப் பூட்டியே புட்டாங்க!"

இனி வேறு வழியில்லை. அவள் வாயால் தஞ்சாவூர் முழுக்கப் பரவுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. ஓய்வு பெற்றவர் எழுதுகிறார் என்றதும் நரைத்த மீசையையும் ஊன்றுகோலையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எனக்கு ஐம்பத்து மூன்று வயதுதான். விருப்ப ஓய்வு. விண்ணப்பத்தில் காரணம் 'உடல்நிலை' என்று எழுதினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. என்னைக் கண்டாலே மற்றவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறியது, அவ்வளவுதான். நான் பயந்தாங்கொள்ளி. காக்கிச் சட்டையைப் பார்த்தால், ஹெல்மெட் போட்டிருக்கும்போதே தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ரகம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருப்பேன். ஒருநாளும் மயக்கம் போட்டு விழுந்ததில்லை. ஆனால் விழுந்துவிட்டால்?

பயிற்சிக் காலத்தில் கற்றதில் இரண்டு விதிகள்தான் மண்டையில் தங்கின. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். மாதக்கணக்கில் வெளியே இருப்பவர் அந்தக் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நீடாமங்கலத்திலிருந்து அதிராம்பட்டினம் வரை வீடு வீடாக ஏறி, யாருக்குக் காய்ச்சல், யாருக்குச் சர்க்கரை, யார் ஆஸ்பத்திரியில் படுத்தார் என்று கேட்டே இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கினேன்.

எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் திலகவதி மேடம். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கத்தியிருந்தால் பிழைத்துப் போயிருப்பேன். நாம் கொண்டுபோய் நீட்டும் படிவத்தைக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு படிப்பார். படிக்கக் கண்ணாடி வேண்டாமாம், ஆட்களைப் பார்க்கத்தான் வேண்டுமாம். விரல் ஓரிடத்தில் நிற்கும். கண்ணாடி மெதுவாக மூக்குக்கு இறங்கும். "இது எப்படித் தெரியும்?"

அந்த மூன்று சொல்லுக்குப் பயந்தே ஒவ்வொரு படிவத்தையும் மூன்று முறை சரிபார்ப்பேன்.

ஒருமுறை நன்னிலம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு 'பசு இரண்டு' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

"எப்படித் தெரியும்?"

"அந்தம்மா சொன்னாங்க மேடம்."

"பாத்தீங்களா?"

"சத்தம் கேட்டுச்சு மேடம்."

கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது. அதற்கு, கிளம்பு என்று அர்த்தம். மறுநாள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். ஒன்று பசு. இன்னொன்று எருமை. எருமை என்னைப் பார்த்த பார்வை மேடத்தின் பார்வை போலவே இருந்தது.

இந்த மேடம்தான் ஒருநாள் கூப்பிட்டு, சிறைவாசிகளின் உடல்நலத்தை நாடு முழுக்கக் கணக்கெடுக்கப் போகிறார்கள், நம் பங்குக்கு ஒரு கிளைச் சிறை வந்திருக்கிறது என்றார். ஊர்ப் பெயர் வேண்டாம். டெல்டாவில் ஓர் ஊர், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்.

"மேடம், நம்ம வேலை வீட்டுக் கணக்குதானே? ஜெயில் நமக்கு எதுக்கு?"

"வீட்ல போய்க் கேட்டா, அவரு இங்க இல்லைங்கிறாங்க. நீங்களும் விதிப்படி விட்டுட்டு வந்துடுறீங்க. ஜெயில்ல வழக்கு இருக்கு, செக்ஷன் இருக்கு, தேதி இருக்கு. அவங்க உடம்பு எந்தக் கணக்குல இருக்கு?"

அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை.

கிளம்புகிற காலையில் தமயந்தி வாசலில் நின்று, "போயிட்டு வாங்கன்னு சொல்லவா? இல்ல, பாத்து இருந்துட்டு வாங்கன்னு சொல்லவா?" என்று சந்தேகம் கேட்டாள். வழியெல்லாம் குறுவை அறுவடை. பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, மீதிச் சாலையில் எங்கள் பஸ் ஊர்ந்தது. இப்படியே போனால் ஜெயிலை மூடிவிடுவார்கள் என்று சந்தோஷமாக இருந்தது. ஜெயில் மூடித்தான் இருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

வாசலில் ஒரு பெரிய கதவு, அதற்குள் ஒரு குட்டிக் கதவு. குனிந்துதான் நுழைய வேண்டும். காவலுக்கு நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பெல்ட்டக் கழட்டுங்க."

"ஏங்க?"

"நீளமா எதுவும் உள்ள போகக் கூடாது. கழுத்துல கெடக்குற கயிறும்தான்."

கழுத்தில் கிடந்தது என் அடையாள அட்டை. கயிற்றோடு அதுவும் போனது, பெல்ட்டும் போனது. அந்த மாதம் தமயந்தி எனக்கு இராச் சாப்பாட்டை நிறுத்திக் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். பெல்ட் இல்லாத பேன்ட் அதை உடனே ஊருக்குத் தெரிவித்தது. ஆக, அடையாளம் ஏதுமற்ற ஓர் ஆள், இடது கையால் பேன்ட்டைப் பிடித்தபடி, குனிந்து சிறைக்குள் நுழைந்தான். திலகவதி மேடம் தன் வீட்டுக் கூடத்துக்குள் போவதுபோலப் போய், "மேசைய எங்க போடலாம்?" என்று கேட்டார்.

உள்ளே இருந்த நாற்பது பேரும் விசாரணைக் கைதிகள். தண்டனை ஆகாதவர்கள், அதனால் சீருடை கிடையாது. லுங்கி, வேட்டி, பேன்ட், அவரவர் வீட்டுத் துணி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் கேள்விகள், எடை, இரத்த அழுத்தம். மறுநாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனை. திட்டம் இவ்வளவுதான். நாங்கள் உட்காருவதற்கு முன் ஜெயில் அலுவலர் ஒருவர் மேலிடத்துச் சுற்றறிக்கையை உரக்கப் படித்தார். 'நோயுற்றோர் விவரம் மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்படும்' என்று ஒரு வரி அதில் வந்தது. அரசாங்கத்தில் மேல்நடவடிக்கை என்றால் அநேகமாக ஒன்றும் நடக்காது என்பது அதில் வேலை பார்த்த எங்களுக்குத் தெரியும். உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு என் மேசைக்கு வந்தவர்களில் ஒருவர் கலியமூர்த்தி. ஐம்பதை ஒட்டிய வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஆற்றில் மாட்டுவண்டியில் மணல் ஏற்றினார் என்று வழக்கு. வண்டி பறிமுதல், மாடுகள் வீட்டில்.

"தொழில்?"

"மாட்டுவண்டி. செவலை ஒண்ணு, மயிலை ஒண்ணு. செவலை தங்கம் சார். மயிலைதான் எம் பொண்டாட்டியக் கண்டா முட்ட வருது."

"அது கேள்வில இல்லைங்க."

"வாராவாரம் என்னப் பாக்க மனு போட்டு வந்து சொல்லிட்டுப் போவா சார். டவுன் பஸ்ஸுல வந்து, மதியம் தண்ணி காட்டுற நேரத்துக்கு வீட்டுக்குத் திரும்பிடுவா. இதுவே பெரிய ஜெயில்னு வைங்க, போக வர ஒரு நாளு ஆயிடும். மாட்ட யாரு பாப்பா?" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சார், சர்க்கரை ஜாஸ்தின்னு வந்தா என்ன செய்வீங்க?" என்றார்.

"எழுதிக்குவோம்."

"அதான் கேட்டேன்" என்று எழுந்து போனார்.

மதியம் சமையல்கட்டிலிருந்து ஓர் ஆள் கரண்டியோடு மேடத்திடம் வந்தார். "அம்மா, நீங்க வந்த நேரமோ என்னமோ, இன்னிக்குச் சோறு மலையா மிஞ்சிக் கெடக்கு. ஒருத்தனும் தட்ட நீட்ட மாட்டேங்கிறான்."

நான் மேடத்தின் காதருகே, "சாப்பாடு மோசம் போல மேடம்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

சாப்பிட்டுப் பார்த்தேன். சாம்பார் நன்றாகவே இருந்தது. கேழ்வரகுக் கஞ்சியில் காய்ந்தவனுக்கு அமிர்தம். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன். அங்கே அன்று வயிறாரச் சாப்பிட்ட ஒரே ஆள் நான்தான்.

மாலை அடைப்புக்கு முன் ஒரு முறைமை உண்டு. விசில் ஊதுவார்கள். கைதிகள் முற்றத்தில் இரண்டிரண்டு பேராக வரிசையில் குந்த வேண்டும். வார்டர் பின்னாலிருந்து நடந்துகொண்டே ஜோடியின் தோளைத் தொட்டு எண்ணுவார். வாசலருகே கரும்பலகையில் எழுதியிருக்கும் எண்ணும் இதுவும் ஒன்றானால் மணி அடிக்கும். பிறகு வரிசை அப்படியே எழுந்து அறைகளுக்குள் போகும், பூட்டு விழும்.

அன்று மேடம் எடை பார்க்கும் கருவியை ஒப்படைக்க வாசல் அறைக்குப் போயிருந்தார். காலையில் என்னைப் பார்த்த காவலர் பணி முடிந்து போய், சந்தானம் என்ற வார்டர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். சர்க்கரை பார்க்கும் மீட்டர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி, பேன்ட்டைக் கையில் பிடித்து, முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தேன்.

விசில் அடித்தது.

இதற்குப் பிறகு என் மூளைக்கும் முழங்காலுக்கும் இடையே என்ன நடந்தது என்பதை எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. நாலா பக்கமிருந்தும் ஆட்கள் ஓடிவந்து சட்சட்டென்று குந்தினார்கள். காக்கிச் சட்டை, விசில், குந்துகிற கூட்டம். என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே மடிந்தன. கடைசி வரிசையில் ஒருவர் ஜோடி இல்லாமல் இருந்தார், பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். அவர் ராசு, லாரி டிரைவர், விபத்து வழக்கு. என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். முழுங்கிக்கொண்டார்.

பின்னாலிருந்து பூட்ஸ் சத்தம். தோளில் ஒரு தட்டு. "ரெண்டு, நாலு, ஆறு…" முன்வரிசை வரை போய், "நாப்பது. சரி!"

மணி அடித்தது. வரிசை எழுந்தது. நானும் எழுந்தேன். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தமயந்தி இன்றுவரை கேட்கிறாள். வாய் திறந்தால் பேன்ட் விழுந்துவிடும் என்று தோன்றியது, அது ஏன் என்று தெரியாது. வரிசையோடு நடந்தேன். அறைக்குள் போனேன். கதவைச் சாத்தினார்கள்.

ராசு பொறுமையாக, "சார், நீங்க எங்க இங்க?" என்றார்.

"எண்ணிட்டாங்களே!"

சொன்ன பிறகுதான் பூட்டின் சத்தம் காதில் ஏறியது. கம்பியைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன், பேன்ட்டைப் பற்றிக் கவலைப்படும் கட்டம் தாண்டிவிட்டது.

"ஐயா! ஐயா! நான் கைதி இல்லைங்க!"

சந்தானம் நிதானமாகத் திரும்பினார். "எல்லாரும் அப்படித்தான்யா சொல்றாங்க."

"சத்தியமா நான் இல்லைங்க! நான் கணக்கெடுக்க வந்தவன்!"

"நான் கணக்கெடுத்து முடிச்சிட்டேன். நாப்பது. போர்டுலயும் நாப்பது."

"அந்த நாப்பதுல நான் இல்லைங்க!"

"உன்ன வெளிய விட்டா, நாளைக்குக் காலைல நான் உள்ள இருப்பேன். போய்ப் படுய்யா."

அறையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் எனக்காகப் பாயை நகர்த்தி இடம்கூட விட்டார். நான் போட்ட கூச்சலில் வாசல் அறையிலிருந்து திலகவதி மேடம் வந்தார். கம்பிக்குப் பின்னால் என்னைப் பார்த்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து இறங்கியது.

"மேடம், இவரு உங்க ஆளா?" என்று சந்தானம் கேட்டார்.

மேடம் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை நான் மன்னிக்கவே மாட்டேன்.

"ஆமா, எங்க ஆளுதான். எண்ணிட்டீங்களா?"

"நாப்பது மேடம். சரியா இருந்துச்சு."

"சரின்னு எப்படித் தெரியும்?"

"நானே தொட்டு எண்ணினேன் மேடம்."

"இவரையும் தொட்டா, தொடாமலா?"

சந்தானம் என்னைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். முகம் வெளிறிப் போவதைக் கண்ணால் கண்டேன். நான் நாற்பதில் ஒருவன் என்றால், கைதிகள் முப்பத்தொன்பது பேர். ஒருவரைக் காணோம்.

விசில் தொடர்ந்து ஒலித்தது. காவலர்கள் மதிலை நோக்கி ஓடினார்கள். "போச்சு, என் வேலை போச்சு" என்று சந்தானம் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த நிமிடத்தில் அவரும் நானும் ஒரே ஜாதி, பயந்தாங்கொள்ளி ஜாதி. மேடம் மட்டும் அசையாமல் கம்பிக்கு நேரே வந்து நின்று கேட்டார்: "கடைசி வரிசையில யாருக்கு ஜோடி இல்ல?"

ராசு தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத்தாங்கம்மா. கலியமூர்த்திண்ணன்தான் எஞ் ஜோடி. குளிக்கிற தொட்டிப் பக்கம் போனாரு. நாளைக்கு ஊசி குத்துவாங்கன்னு ஒளிஞ்சிக்கிட்டாரு போல, நம்ம எதுக்குக் காட்டிக் குடுக்கணும்னு இருந்துட்டேன்."

"சாப்பிட்டாரா?"

"யாரு சாப்பிட்டா? சர்க்கரை ஜாஸ்தி வந்தா பெரிய ஜெயிலுக்கு மாத்திடுவாங்கன்னு ஒருத்தரும் சாப்பிடல. அண்ணன் எஞ் சர்க்கரை மாத்திரையவும் சேத்து வாங்கிப் போட்டுக்கிட்டாரு."

கதவைத் திறந்துவிட்டதும் ராசு வழிகாட்ட நான் ஓடினேன். ஜெயிலுக்குள் ஓடிய ஒரே சந்தர்ப்பம். குளியல் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் கலியமூர்த்தி சாய்ந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, தண்ணீரால் அல்ல, வியர்வையால். கை நடுங்கியது. கண் திறந்திருந்தது, யாரையும் தெரியவில்லை. "மயிலைய அவுத்து விடாத, அவுத்து விடாத" என்று முனகினார்.

மீட்டர் என் கக்கத்தில்தான் இருந்தது. எப்படி விழாமல் இருந்தது என்று இன்றும் தெரியாது. விரலில் குத்தி வைத்துப் பார்த்தால், எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்றது.

"சர்க்கரை! யாராவது சர்க்கரை கொண்டாங்க!" என்று சந்தானத்தைப் பார்த்துக் கத்தினேன். அவர் சமையல்கட்டுச் சாவி எங்கே என்று கத்தினார். அப்போதுதான் என் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. சட்டைப் பை. குளுக்கோஸ் பொட்டலம். எனக்காக, எனக்கே எனக்காக, வராத மயக்கத்துக்காக ஆண்டுக்கணக்கில் சுமந்த பொட்டலம். பிரித்து, ஒரு குவளைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன்.

"படுக்க வெச்சு ஊத்தாதீங்க" என்றார் மேடம். "நிமித்தி உக்கார வைங்க. முதல்ல ஒரு சொட்டு. முழுங்குறாரா பாருங்க."

ராசு பின்னால் தாங்கிக்கொண்டார். ஒரு வாய் உள்ளே போனது, தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு வாய். நான் பட்ட அவசரத்தில் பாதிக் குளுக்கோஸ் சந்தானத்தின் காக்கிச் சட்டையில். அவர் துடைக்கவில்லை. கலியமூர்த்தியின் தோளில் கை வைத்து, "ஒண்ணு, ஒண்ணு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டபோது கலியமூர்த்திக்குக் கண்ணில் ஆள் தெரிந்தது. என்னைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார்.

"எவ்ளோ சார் வந்துச்சு?"

"ரொம்ப ரொம்பக் கம்மிங்க."

அப்படியொரு சிரிப்பை நான் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவர் முகத்தில்கூடப் பார்த்ததில்லை. "அப்ப மாத்த மாட்டீங்கள்ல?"

மேடம் அவருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். "கலியமூர்த்தி, இதுல உங்க பேரே கிடையாது. யாருக்கு எவ்ளோன்னு யாருக்கும் தெரியாது. மொத்தத்துல எத்தனை பேருன்னுதான் போகும்."

கலியமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேரே கிடையாதா? அப்பறம் யாருக்காகங்க நான் பட்டினி கெடந்தேன்?"

மறுநாள் பரிசோதனையை மேடம் நிறுத்திவிட்டார். பட்டினி கிடந்த முப்பத்தொன்பது பேரின் இரத்தத்தை எடுத்தால், டெல்டாவில் சர்க்கரை நோயே ஒழிந்துவிட்டது என்று நாடு நம்பிவிடும் என்றார். கலியமூர்த்திக்கு மீட்டர் காட்டியதையும் சேர்க்கவில்லை. அது வைத்தியத்துக்கு எடுத்தது, கணக்குக்கு எடுத்தது அல்ல என்று தீர்ப்பு. தேதியைத் தள்ளி வைத்தோம். அதற்கு மேலிடத்திலிருந்து வந்த கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் எழுதினார். கலியமூர்த்தி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அதே சிறைக்குத் திரும்பினார். மாற்றவில்லை.

இரண்டாம் முறை போனபோது சுற்றறிக்கையை யாரும் படிக்கவில்லை. மேடமே முற்றத்தில் நின்று, பேர் எழுத மாட்டோம், யாரையும் மாற்ற மாட்டோம், வழக்கம்போலச் சாப்பிடுங்கள் என்று சொன்னார். ராசு கையைத் தூக்கி, "எப்படிங்கம்மா தெரியும்?" என்றார். மேடம் தன் வெற்றுப் படிவத்தை வரிசையில் கைமாற்றி எல்லோரையும் பார்க்கச் சொன்னார். பெயருக்கு அதில் இடமே இல்லை. அன்று மதியம் சோறு மிஞ்சவில்லை. எனக்குக்கூடக் கிடைக்கவில்லை.

கலியமூர்த்தி தட்டைக் கழுவிக்கொண்டே என்னிடம் செய்தி சொன்னார். மயிலை இப்போதெல்லாம் முட்டுவதில்லையாம். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் காட்டப் போய், அவரை முட்டி வைக்கோல்போரில் ஏற்றிவிட்டதாம். அன்றிலிருந்து பொண்டாட்டிக்கும் மயிலைக்கும் ராசியாகிவிட்டதாம்.

மாலை விசில் அடித்தது. என் முழங்கால் துடித்தது. இந்த முறை சுவரோடு ஒட்டி நின்று, பேன்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கடைசி வரிசையில் ராசுவுக்குப் பக்கத்தில் கலியமூர்த்தி குந்தினார். குந்தியவர், "இது எம் எடம் சார்" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

சந்தானம் எண்ணிக்கொண்டு வந்தார். இப்போது தோளைத் தட்டுவதோடு நிற்பதில்லை, குனிந்து ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். எண்ணி முடித்து, பலகையைப் பார்த்து, திருப்தியாகாமல் என் பக்கம் திரும்பினார்.

"சார், ஒரு தடவ கேட்டுக்கிறேன். நீங்க இதுல இல்லதானே?"

"நான் இல்லவே இல்லைங்க!"

கடைசி வரிசையிலிருந்து கலியமூர்த்தியின் குரல் வந்தது.

"எல்லாரும் அப்படித்தான்யா சொல்றாங்க!"

முற்றமே வெடித்தது. சந்தானம் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததில் அது தானாக ஒருமுறை ஊதிக்கொண்டது. திலகவதி மேடம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் குந்தியிருந்தேன், விசில் ஊதியாகிவிட்டதே!